யூப்பித்தருக்கு மாலை கட்டியவர்கள்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான், மிஷன் பள்ளியில். விடுமுறை முழுக்கக் கிரேக்கக் கதைப் புத்தகங்களாகப் படித்துத் தள்ளினான். போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பக்கத்து வீட்டு அக்கா எங்கள் முகப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். கத்தோலிக்கர், இருபது வருஷப் பழக்கம். "அத்தை, ஜீயஸ் கதைன்னா ஏசுவும் கதைதானே? அதை மட்டும் ஏன் வேதம்னு சொல்றீங்க?" என்று இவன் கேட்டுவிட்டான். அவர் முகம் வாடிப்போயிற்று. நான் இவனை அதட்டினேன். ராத்திரி என்னிடம் வந்து, "அப்ப நம்ம பிள்ளையார் கதை?" என்கிறான். உலகம் ஒன்றை ஏற்று இன்னொன்றைத் தள்ளியது ஏன்? பையனுக்கு என்ன சொல்வது, அக்காவுக்கு என்ன சொல்வது?
– தேவகோட்டைப் பக்கத்து வாசகி

மத வரலாற்று ஆசிரியரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பையனை அதட்டியதை முதலில் சரிசெய்துவிடுங்கள். கேட்ட விதம் துடுக்காக இருந்திருக்கலாம். கேள்வி நல்ல கேள்வி, பழைய கேள்வியும்கூட. கி.பி. 155 வாக்கில் ரோமிலிருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் தாமே இதைத் தொடுகிறார். இயேசு கன்னியிடம் பிறந்தார், சிலுவையில் இறந்தார், உயிர்த்து விண்ணுக்குப் போனார் என்று நாங்கள் சொல்வதில், யூப்பித்தரின் (ஜீயஸுக்கு ரோமானியர் வைத்த பெயர்) பிள்ளைகளைப் பற்றி நீங்கள் நம்புவதற்குப் புறம்பாக எதுவும் இல்லையே என்கிறார். கிறிஸ்தவர்களைக் கொல்லாதீர்கள் என்று கேட்பதற்கு அவர் எடுத்த வாதம் அது. அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் கெல்சஸ் என்ற கிரேக்கர் எதிர்ப்பக்கத்திலிருந்து அதையே கேட்டார்: வைத்தியத் தெய்வம் அஸ்கிலீபியஸைக் கண்ணால் கண்டோம், குணம் பெற்றோம் என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்களே, உங்கள் சாட்சி மட்டும் என்ன உசத்தி? உங்கள் மகன் இந்த இருவருக்கும் நடுவில்தான் நிற்கிறான்.

இரண்டு கதைகளையும் தராசில் வைத்துப் பார்த்து, உலகம் கனமானதை எடுத்துக்கொண்டது என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பையனைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குக் கூட்டிப் போங்கள். பழம்பொருள் கடைகளில் ரவிவர்மா லட்சுமி படத்தைத் தேக்குச் சட்டத்தோடு சுவரில் சாய்த்து வைத்திருப்பார்கள். கண்ணாடிக்கு உள்ளே தூசி. நெற்றியில் யாரோ வைத்த குங்குமம் காய்ந்து கறுத்திருக்கும். அதே அச்சு, அதே லட்சுமி உங்கள் சாமி அறையில் இருந்தால் வெள்ளிக்கிழமை பூ வைக்காமல் விடமாட்டீர்கள். கடைக்காரர் லட்சுமி பொய் என்று வாதாடி ஜெயித்து அந்தப் படத்தைக் கடையில் வைக்கவில்லை. பூ வைத்த வீடு கலைந்தது, படம் கடைக்கு வந்தது. கிரேக்கத் தெய்வங்களுக்கு நடந்ததில் பெரும்பகுதி இதுதான். மீதிப் பகுதிக்கு இரண்டு மதங்களும் எதன் மேல் நின்றன என்று பார்க்க வேண்டும்.

கிரேக்கர்களுக்கு வேதம் என்று ஒரு நூல் இருந்ததே இல்லை. ஹோமரின் காவியங்கள் கி.மு. 8-ஆம் நூற்றாண்டையும், ஹெஸியட் பாடிய தெய்வ வம்சாவளி கி.மு. 700-ஐயும் ஒட்டியவை. அந்த வம்சாவளியின் தொடக்கத்திலேயே கலைத்தெய்வங்கள் ஹெஸியடிடம், மெய் போலத் தோன்றும் பொய்கள் பலவற்றைச் சொல்ல எங்களுக்குத் தெரியும், நினைத்தால் மெய்யையும் சொல்லத் தெரியும் என்கின்றன. தன் பாட்டின் வாசலிலேயே இப்படி எழுதி மாட்டிய நூலை யாரும் விசுவாசப் பிரமாணமாக ஓதவில்லை. ஜீயஸ் பிறந்தது கிரீட் தீவில் என்றார்கள் சிலர், ஆர்க்கேடியாவில் என்றார்கள் சிலர். கிரீட்டில் அவருக்குக் கல்லறைகூட உண்டு என்றார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல மடமோ சபையோ கிடையாது. தீர்ப்பு தேவைப்படவும் இல்லை.

ஏன் தேவைப்படவில்லை என்பது வேறு யாரையும்விடச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். ஒன்பது நகரக் கோயில்களை எடுத்துக்கொள்ளுங்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று கோயிலைச் சொல்லித்தான் நகரத்தார் ஒருவர் தான் யார் என்கிறார். கல்யாணம் ஆனால் கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம், அதற்குப் புள்ளி வரி. கல்யாணத்துக்குக் கோயில் மாலை வந்தாக வேண்டும். மாலை கொடுக்கும்போது, தலபுராணத்தை நம்புகிறாயா என்று யாராவது கேட்கிறார்களா? ஏதென்ஸிலும் அப்படித்தான். அபட்டூரியா என்ற திருவிழாவின் மூன்றாம் நாள், தகப்பன் தன் மகனைக் குலச் சங்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, முறையாக மணந்தவளுக்குப் பிறந்தவன் என்று சத்தியம் செய்து, பலி கொடுத்துப் பெயரைப் பதிவான். அந்தச் சங்கத்தின் காவல் தெய்வங்கள் ஜீயஸும் ஏதீனாவும். பெயர் பதியாதவனுக்குக் குடியுரிமையே சந்தேகத்துக்கு உள்ளாகும். ஆகவே "நீ ஜீயஸை நம்புகிறாயா" என்று ஓர் ஏதென்ஸ்காரனைக் கேட்டால் கேள்வியே அவனுக்கு விளங்கியிருக்காது. ஊருக்கு மாடு வெட்டும் நாளில் வந்தாயா, வரி கட்டினாயா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

கதைகளை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கவும் இல்லை. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பிறந்த செனோபனீஸ், திருட்டையும் பிறன்மனை விழைதலையும் ஹோமரும் ஹெஸியடும் தெய்வங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திட்டினார். மாட்டுக்குக் கையிருந்தால் மாடு மாதிரிதான் சாமி வரையும் என்றார். பிளேட்டோ தமது இலட்சிய நகரத்தில் அந்தக் கதைகளுக்கு இடமில்லை என்றார். இத்தனைக்கும் பிறகு எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் கோயில்கள் நடந்தன. கதையை விமரிசித்தால் மதம் செத்துவிடும் என்பது சரியில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

உயிரோடிருந்த மதம் அது என்பதைப் பையன் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. நம் மாரியம்மன் கோயில்களில் வெள்ளிக் கண்மலர், கை கால் உரு வாங்கி உண்டியலில் போடுகிறோம். வேளாங்கண்ணியிலும் போடுகிறார்கள். கொரிந்து நகரத்து அஸ்கிலீபியஸ் கோயிலில் தோண்டியபோது சுட்ட மண்ணில் செய்த கை, கால், காது என்று குவியலாகக் கிடைத்தன. எபிடாரஸ் ஊரிலிருந்த அதே தெய்வத்தின் கோயிலில் யார் வந்தார், என்ன நோய், எப்படித் தீர்ந்தது என்று பெயர் போட்டுக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். காது வலித்த ஒருத்தி மண்காது வாங்கி வைத்த இடத்தைப் "புராணம்" என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது.

இனி விவிலியம். இது வேறு வகை எழுத்து, இந்த வேறுபாட்டைப் பையனிடம் மறைக்கக் கூடாது. லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம், நம் சோழர் கல்வெட்டு யாண்டு போட்டுத் தொடங்குவதைப் போலத் தொடங்குகிறது: திபேரியு சீசரின் 15-ஆம் ஆண்டு, யூதேயாவில் பிலாத்து ஆளுநர், கலிலேயாவில் ஏரோது, இப்படி ஏழு பேர் பெயர் அடுத்தடுத்து வருகிறது. பவுல் கொரிந்தியருக்கு 50-களின் நடுவில் எழுதிய முதல் திருமுகத்தில், உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களைப் பட்டியலிடுகிறார். ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் கண்டார்கள், பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். சிலுவை மரணம் 30-ஐ ஒட்டியது. அதாவது இருபத்தைந்து ஆண்டு இடைவெளி. அதோடு, உயிர்ப்பு நடக்கவில்லையென்றால் எங்கள் போதனையே வீண் என்று தானே எழுதிக்கொடுக்கிறார். ஜீயஸ் குழந்தையாக இருந்தபோது தகப்பன் குரோனஸ் அவருக்குப் பதில் கல்லை விழுங்கியது பொய்யென்றால் ஏதென்ஸில் எந்தத் திருவிழாவும் நிற்காது. உயிர்ப்பு பொய்யென்றால் திருச்சபை நிற்காது. அந்தக் காலத்திலேயே கிறிஸ்தவர்கள் இதைச் சொல்லிக் காட்டினார்கள்: பேதுருவின் இரண்டாம் திருமுகம், நாங்கள் தந்திரமான கட்டுக்கதைகளைப் பின்பற்றவில்லை என்கிறது. "கட்டுக்கதை" என்று தமிழில் வந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது "மித்தோஸ்" என்ற சொல்.

வரலாற்று நடையில் எழுதியிருப்பதாலேயே எல்லாம் நிரூபணம் ஆகிவிட்டது என்றும் சொல்லிக் கொடுக்காதீர்கள். பிலாத்து காலத்தில் இயேசு சிலுவையில் அறையப்பட்டார் என்பதைக் கிறிஸ்தவர் அல்லாத வரலாற்றாசிரியர்களும் ஏறக்குறைய எல்லோரும் ஏற்கிறார்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார், பிலாத்து பெயர் பொறித்த கல் 1961-ல் செசரியாவில் கிடைத்தது. அதே லூக்கா, இயேசு பிறந்தபோது சிரியா ஆளுநர் குரேனியு எடுத்த குடிமதிப்பைச் சொல்கிறார். அந்தக் குடிமதிப்பு கி.பி. 6-ல் நடந்தது. இயேசு பிறந்தபோது ஆண்டதாக மத்தேயு சொல்லும் ஏரோது மன்னன், அதாவது கலிலேயா ஏரோதின் தகப்பன், கி.மு. 4-லேயே இறந்துவிட்டான். பத்தாண்டு இடிக்கிறது. உயிர்ப்பு என்பது வரலாற்றாசிரியரின் கருவிக்கு எட்டாதது, அது விசுவாசம். 1870-களில் ஷ்லீமன் என்ற ஜெர்மானியர் ஹோமர் பாடிய ட்ராய் நகரத்தைத் தோண்டி எடுத்ததால் ஏதீனா போர்க்களத்தில் நின்றாள் என்று ஆகாது. பிலாத்து கல் கிடைத்ததற்கும் அதே கணக்குதான்.

இரண்டு உலகமும் நேருக்கு நேர் சந்திக்கும் ஒரு பக்கம் விவிலியத்துக்குள்ளேயே இருக்கிறது. கத்தோலிக்கர் திருத்தூதர் பணிகள் என்றும் மற்றவர்கள் அப்போஸ்தலர் நடபடிகள் என்றும் சொல்லும் நூலின் 14-ஆம் அதிகாரம். லீஸ்திரா ஊரில் பிறவி முடவன் ஒருவன் எழுந்து நடக்கிறான். ஜனங்கள் தங்கள் பாஷையில், தெய்வங்கள் மனித உருவெடுத்து இறங்கி வந்துவிட்டன என்று கூவுகிறார்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் பர்னபாவுக்கு யூப்பித்தர் என்றும், பேச்சை நடத்தியதால் பவுலுக்கு மெர்க்கூரி என்றும் பெயர் வைக்கிறார்கள். யூப்பித்தர் கோயில் பூசாரி எருதுகளையும் பூமாலைகளையும் வாசலுக்கே கொண்டுவந்துவிடுகிறார். பவுலும் பர்னபாவும் துணியைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடித் தடுக்கிறார்கள். அந்த மாலையை யாரோ காலையில் உட்கார்ந்து கட்டியிருக்கிறார்கள். யூப்பித்தர் அவர்களுக்குப் பாடப்புத்தகத்துக் கதை இல்லை.

அந்த மாலை எப்படி நின்றது? மூன்று காரணங்கள் சேர்ந்தன. பழைய மதத்தில் புதுச் சாமியைக் கும்பிட்டால் பழைய சாமியை விட வேண்டியதில்லை. கிறிஸ்தவத்தில் ஞானஸ்நானம் எடுத்தால் மற்றதை விட்டே ஆக வேண்டும். ஒருவர் இங்கே சேர்ந்தால் அங்கே ஒருவர் குறைந்தார். அடுத்தது, சபைகள் ஏழைகளையும் விதவைகளையும் பார்த்துக்கொண்டன. 361 முதல் 363 வரை ஆண்டு பழைய மதத்தை மீட்கப் பார்த்த பேரரசர் ஜூலியனே, இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள் என்று தம் தலைமைப் பூசாரிக்கு வருத்தத்தோடு எழுதினார். மூன்றாவது அரசாணை, இதை விட்டுவிட்டுச் சொன்னால் நேர்மையாகாது. 313-ல் கிறிஸ்தவத்துக்கு உரிமை கிடைத்தது, 380-ல் அதுவே அரச மதமானது. 392-ல் தியடோசியஸ் பேரரசர் போட்ட சட்டம் பலியை மட்டுமா தடுத்தது? வீட்டுக்குள் குலதெய்வத்துக்கு விளக்கேற்றுவது, தூபம் போடுவது, மாலை தொங்கவிடுவது வரை பெயர் சொல்லித் தடுத்தது. நம் வீடுகளில் தினமும் நடக்கும் மூன்று காரியங்கள். இவை ஒரு தலைமுறை நின்றால் பிள்ளைகளுக்குச் சாமி தெரியாது, கதைதான் தெரியும்.

கதை மட்டும் தங்கியதும் கிறிஸ்தவர்கள் கையால்தான். கப்பதோக்கியா நாட்டில் இருந்த இன்னொரு செசரியாவின் பசில் ஆயர், தேனீ பூவில் எடுப்பது போல வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, இளைஞர்களைக் கிரேக்க இலக்கியம் படிக்கவைத்தார். ஹோமரின் முக்கியமான கையெழுத்துப் பிரதி ஒன்று வெனிஸில் இருக்கிறது. அதை 10-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தது கிறிஸ்தவ பைசாந்தியம், அதாவது கிழக்கு ரோமப் பேரரசு. கோயிலில் ஒன்று, இலக்கண வகுப்பில் இன்னொன்று என்ற பிரிவினை அங்கே விழுந்தது. அதே பிரிவினைதான் ஐரோப்பியப் பள்ளிக்கூடத்தோடு கப்பலேறி இங்கே வந்தது.

அதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் தெய்வங்கள் நம் மண்ணுக்கு வந்திருந்தன. புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காகுறிச்சியில் 1898-ல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பலவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. ரோமானியக் காசின் பின்புறம் தெய்வ உருவங்கள் இருப்பது வழக்கம். நம் ஆட்களுக்கு அவை எடைக்கு எடை தங்கம். பூசாரி வரவில்லை, திருவிழா வரவில்லை. கிறிஸ்தவம் வேறு மாதிரி வந்தது. போர்ச்சுகல் நாட்டுப் பாதிரியார் அருளானந்தர் காவி கட்டி, புலால் விட்டு, தமிழ் பேசி மறவர் நாட்டில் சுற்றினார். 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் வெட்டுண்டார், இன்றும் அங்கே செம்மண்ணை மடியில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1714-15-ல் தமிழில் அச்சிட்டார். அவரே 1713-ல் தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதி முடித்திருந்தார், அது அச்சேற 1867 வரை காத்திருந்தது. நம் ஜனங்களும் "வேதம்" என்ற சொல்லை எடுத்து வேதக்கோயில், வேதக்காரர் என்று அவர்களுக்குக் கொடுத்தார்கள். ஜீயஸுக்கு அப்படி ஒரு தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவருக்காகக் கேட்டுவர ஆள் இல்லை.

பையனுக்குச் செய்ய வேண்டியது: நோட்டில் இரண்டு பத்தி போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் ஹெஸியடின் முதல் நூறு வரி, வலப்பக்கம் லூக்கா முதல் அதிகாரத்தின் முதல் நான்கு வசனமும் மூன்றாம் அதிகாரத் தொடக்கமும். யார் எழுதியது, நடந்ததாகச் சொல்வதற்கும் எழுதியதற்கும் எத்தனை ஆண்டு, எழுதியவர் வாசகரிடம் என்ன கேட்கிறார், அந்தக் காலத்தில் யார் எந்த இடத்தில் அதை வாசித்தார்கள், இன்று யார் வாசிக்கிறார்கள். இந்த ஐந்தையும் இரண்டுக்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். ஒரு பக்கத்துக்குக் கடுமையும் ஒரு பக்கத்துக்குச் சலுகையும் காட்டினால் பயிற்சி வீண். பிறகு லீஸ்திரா பகுதியை வாசிக்கட்டும். விவிலியம் முழுவதும் ஒரே வகை எழுத்து இல்லை என்பதையும் குறிக்கட்டும். நல்ல சமாரியனின் ஊர் பேர் என்ன என்று எந்தப் பாதிரியாரும் தேடுவதில்லை, அது உவமை. ஆதியாகமத்தின் முதல் மூன்று நாளைச் சூரியன் இல்லாமல் எப்படி நாள் என்பது என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே ஒரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் கேட்டுவிட்டார்.

அவன் சறுக்கக்கூடிய இடங்கள் இரண்டு. கோடிக்கணக்கானோர் நம்புவதால் உண்மை என்பது ஒன்று. ஒரு காலத்தில் ஜீயஸுக்கும் அந்தக் கூட்டம் இருந்தது. மற்றது யூடியூபில் சுற்றுவது: மித்ரா என்ற பாரசீகத் தெய்வம் டிசம்பர் 25-ல் கன்னியிடம் பிறந்தார், பன்னிரண்டு சீடர், ஆக இயேசு காப்பி என்று. ரோமானிய மித்ராஸ் பாறையிலிருந்து பிறந்தவர், கன்னியிடம் இல்லை. டிசம்பர் 25 புதிய ஏற்பாட்டில் எங்குமே இல்லை. சாயல் இருப்பது வேறு, காப்பியடிப்பது வேறு என்பதை இந்த வயதிலேயே பிடித்துக்கொண்டால் நல்லது.

அக்காவிடம் நீங்கள் போய் மன்னிப்புக் கேட்க வேண்டாம், பையனே போகட்டும். அவரைத் தைத்தது "கதை" என்ற சொல். இராமாயணக் கதை என்றால் பக்தி, "கதை விடுறான்" என்றால் பொய். எந்தக் கதை என்று கேட்டவருக்குத் தெரியாமல் போயிற்று. "அத்தை, அன்னைக்கு நான் கேட்டது தப்பா வந்துடுச்சு. உங்க வேதத்துலயே ஜீயஸ் பேர் வருதாமே, லீஸ்திராங்கிற ஊர்ல. அதை எனக்கு வாசிச்சுக் காட்டுறீங்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். தம் விவிலியத்தை எடுத்து விரிக்கும்போது அவர் வாட்டம் பாதி தீரும். அவர் விசுவாசத்துக்கு இவன் சான்றிதழ் கொடுக்க வேண்டியதும் இல்லை, பறிக்க வேண்டியதும் இல்லை.

பிள்ளையாருக்கு வருவோம். யானைத்தலை வந்த கதையைத் தலை வெட்டி ஒட்டியதாகக் கேட்டிருப்பான். திருஞானசம்பந்தர் வலிவலத்துப் பதிகத்தில், உமை பெண்யானை வடிவு கொள்ள, இறைவன் ஆண்யானையாகிக் கணபதியை அருளினார் என்று பாடுகிறார். "பிடியதன் உருவுமை" என்று தொடங்கும் அந்தப் பாட்டை ஓதிவிட்டுத்தான் நம் வீடுகளில் எத்தனையோ காரியம் தொடங்குகிறது. இரண்டில் எது சரி என்று யாரும் பஞ்சாயத்து வைத்ததில்லை. இந்த வகையில் நாம் ஏதென்ஸ்காரருக்குப் பக்கம். அதே சமயம் பன்னிரு திருமுறை என்று தொகுத்து வைத்து ஓதுவதில் நாம் விவிலியக்காரருக்கும் பக்கம். ஆறுமுக நாவலர் விவிலிய மொழிபெயர்ப்பில் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணை நின்று, அதை வரிவரியாக அறிந்தவர். 1854-ல் வந்த சைவதூஷண பரிகாரத்தில், நீங்கள் மூடவழக்கம் என்று தூற்றும் கோயில் வழிபாட்டு முறைகள் உங்கள் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கின்றன என்று இடம் காட்டி எழுதினார். இரண்டு நூலையும் ஒரே கண்ணால் வாசித்த தமிழர் அவர், பையனுக்கு அவரை அறிமுகப்படுத்துங்கள்.

நோட்டில் மூன்றாவது பத்தியைப் பிள்ளையாருக்குப் போடட்டும், அதே ஐந்து கேள்வி. அதைப் பிள்ளையார்பட்டியில் வைத்தே எழுதச் சொல்லலாம். பாறையைக் குடைந்து செய்த மூர்த்தி, இரண்டே கை, வலப்பக்கம் திரும்பிய துதிக்கை எல்லாவற்றையும் நின்று பார்க்க வேண்டும். சதுர்த்தி அன்று போகாதீர்கள், கூட்டத்தில் நிற்க விடமாட்டார்கள்.